புல்லையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மங்கோலியப் படையெடுப்புக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். 1221இல் மெர்வ், நிஷாப்பூர், 1258இல் பாக்தாத் என்று நகரம் நகரமாக நடந்த படுகொலைகளைக் கட்டுரையாளர் மழுப்பாமல் எழுதியிருக்கிறார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் படை எப்படி ஜெயித்தது, எதனால் நின்றது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவர் சொல்லும் பதிலை ஏற்க முடியவில்லை. எண்ணிலடங்காத கூட்டமாக வந்ததால் ஜெயித்தார்களாம். 1260இல் பாலஸ்தீனத்தில் உள்ள ஐன் ஜாலூத்தில், எகிப்தை ஆண்ட அடிமைப் போர்வீரர்களான மம்லுக்குகள் காட்டிய வீரத்தால் தோற்று நின்றார்களாம். நான் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குதிரைகளால் நடந்த ஒரு போரைப் பற்றி இத்தனை பக்கம் எழுதிவிட்டு, அந்தக் குதிரைகள் எதைத் தின்றன என்று ஒரு வரிகூட எழுதாதது பெரிய குறை.

முதலில் கட்டுரைக்கு வரைந்திருக்கும் படம். நீண்ட கழுத்து, மெலிந்த முகம், உயர்ந்த கால்கள் என்று அதில் நிற்பது அரபுக் குதிரை. மங்கோலியக் குதிரை பார்வைக்கு இப்படி இருக்காது. நாலு, நாலரை அடி உயரம்தான். தலை பெரிது, கழுத்து குட்டை, பிடரி மயிர் அடர்த்தி. எடை 300 கிலோ வந்தாலே அதிகம். லாயமும் கிடையாது, கொள்ளும் கிடையாது. எலும்பை உறைய வைக்கும் குளிரிலும் வெட்டவெளியில் நின்று, குளம்பால் பனியைக் கிளறி, அடியில் காய்ந்து கிடக்கும் புல்லைத் தின்று பிழைக்கும். ரஷ்ய நகரங்கள் மீது செங்கிஸ் கானின் பேரன் பாத்து கானும் தளபதி சுபுதாயும் 1237ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் படையெடுத்தது இந்தக் குதிரையை நம்பித்தான். பிற்காலத்தில் எத்தனையோ படைகளை விழுங்கிய அந்தக் குளிர் இவர்களுக்குச் சாதகமாக இருந்தது. உறைந்த ஆறுகள் சாலையாயின. டிசம்பரில் ரியாசான் விழுந்தது, பிப்ரவரியில் விளாதிமிர். அதே படை மார்ச் மாதம் நோவ்கரோத் நகரத்தை நெருங்கும் தூரத்துக்கு வந்துவிட்டு, அதைத் தொடாமலே திரும்பியது. பனி உருகத் தொடங்கும் பருவம் அது. உருகினால் அந்த வட்டாரமே சேறும் சதுப்புமாகிவிடும். தெற்கே புல்வெளிக்குப் போய்விடுவதுதான் அவர்களுக்குப் புத்திசாலித்தனம்.

குதிரையின் வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது மாடு மாதிரி மேய்ந்துவிட்டு ஓரிடத்தில் படுத்து அசைபோடும் பிராணி அல்ல. அதன் இரைப்பை சிறியது. கொஞ்சம் கொஞ்சமாக, நாளின் பெரும்பகுதி மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். தானியம் போட்டு வளர்க்கும் குதிரைக்கு இந்த நேரம் மிச்சமாகும். புல்லை மட்டும் நம்பும் குதிரைக்கு ஆகாது. நாள் முழுக்க ஆளைச் சுமந்து ஓடினால் அது மேய்வது எப்போது? ஆளுக்கு ஒரு குதிரை போதாமல் போனதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு வீரனும் நாலைந்து குதிரைகளோடு புறப்பட்டு, மாற்றி மாற்றி ஏறுவான். பெட்டைக் குதிரைகளிடம் பால் கறந்து குடிப்பான். வேறு எதுவும் கிடைக்காவிட்டால் குதிரையின் நரம்பைக் கீறி ரத்தம் குடிப்பான் என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். படிக்க அருவருப்பாக இருந்தாலும், 300 கிலோ குதிரைக்கு ஒரு லிட்டர் ரத்தம் போனால் ஒன்றும் ஆகாது என்று மருத்துவனாக என்னால் சொல்ல முடியும். மூட்டை சுமக்கும் வண்டி வரிசை இல்லாமல் இவ்வளவு வேகமாக ஒரு படை எப்படி நகர்ந்தது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. பார்த்தவர்கள் எண்ணிலடங்காத கூட்டம் என்று நினைத்ததிலும் ஆச்சரியமில்லை. கூட்டத்தில் முக்கால்வாசி ஆள் ஏறாத குதிரைகள்!

இப்போது கணக்குக்கு வருவோம். துமென் என்பது 10,000 வீரர்கள் கொண்ட படைப்பிரிவு. ஆளுக்கு ஐந்து என்றால் 50,000 குதிரைகள். குதிரைக்கு ஒரு நாளைக்கு 6 கிலோ காய்ந்த புல் என்று குறைத்தே வைத்தாலும் 300 டன். பச்சைப் புல்லானால் மூன்று, நான்கு மடங்கு. தண்ணீர் 20 லிட்டர் வீதம் 10 லட்சம் லிட்டர், அதாவது நம் ஊர் டேங்கர் லாரி 100 லோடு. இது ஒரு துமெனுக்கு மட்டும், ஒரே ஒரு நாளைக்கு. பாக்தாத்தை அழித்துவிட்டு 1260 ஜனவரியில் அலெப்போவுக்கு வந்த, செங்கிஸ் கானின் இன்னொரு பேரன் ஹுலாகுவிடம் இதைப் போலப் பல துமென்கள் இருந்தன.

சிரியாவில் குளிர்கால மழைக்குப் பிறகு வசந்தத்தில் புல் நன்றாகவே இருக்கும். மே மாதம் தாண்டினால் காய்ந்துவிடும். ஆறுகளும் பெரியவை அல்ல. அலெப்போ விழுந்தது, மார்ச்சில் டமாஸ்கஸும் பணிந்தது. அந்த நேரத்தில்தான் ஹுலாகு படையின் பெரும்பகுதியைக் கூட்டிக்கொண்டு வடக்கே அஜர்பைஜான் பக்கம் போய்விட்டார். மங்கோலியப் பேரரசராக இருந்த அண்ணன் மோங்கே கான் 1259இல் சீனாவில் இறந்துபோனதும், அடுத்த கான் யார் என்ற தகராறும் இதற்குக் காரணம் என்று கட்டுரை சொல்கிறது. உண்மைதான், அந்த அரசியலும் இருந்தது. ஆனால் 1262இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயிக்கு ஹுலாகு அனுப்பிய கடிதம் லத்தீன் மொழியில் கிடைத்திருக்கிறது. அந்தப் பகுதியில் உணவும் புல்லும் பெரும்பாலும் தீர்ந்துவிட்டதால், வெயில் காலத்துக்குக் குளிர்ந்த மலைப் பக்கம் திரும்பினோம் என்ற பொருளில் அவரே அதில் காரணம் சொல்கிறார். படைத்தலைவனின் வாக்குமூலமே கையில் இருக்கும்போது, அதைக் கட்டுரை தொடாமல் விட்டது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

ஆக, செப்டம்பர் 3 அன்று ஐன் ஜாலூத்தில் மம்லுக் சுல்தான் குதுஸும் அவருடைய தளபதி பைபர்ஸும் சந்தித்தது, ஹுலாகுவின் தளபதி கித்புகாவின் தலைமையில் விட்டுவைக்கப்பட்ட ஒரு சிறு பிரிவைத்தான். மம்லுக்குகள் திறமையாகவே போரிட்டார்கள், அதைக் குறைக்க மாட்டேன். பைபர்ஸ் கருங்கடலுக்கு வடக்கே உள்ள கிப்சாக் புல்வெளியில் பிறந்தவர். மங்கோலியர் அந்த நாட்டைச் சூறையாடிய காலத்தில் அடிமையாக விற்கப்பட்டவர். ஓடுவதுபோல ஓடி எதிரியை இழுத்து வந்து வளைத்துப் பிடிக்கும் தந்திரம் மங்கோலியருக்கு மட்டுமே சொந்தமில்லை, அவருக்கும் தெரியும். அப்புறம், மம்லுக்கின் குதிரை பெரியது, பார்லி தின்று வளர்ந்தது, வேளாவேளைக்கு வயிறு நிறைந்தது. அடி விழுந்தால் தாங்கும்.

புல்தான் எதிரியின் பலவீனம் என்பதை மம்லுக்குகள் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். மங்கோலியர் வரக்கூடிய எல்லைப்புற வழிகளில் புல்வெளிகளுக்குத் தீ வைப்பதை அவர்கள் ஒரு போர்முறையாகவே செய்துவந்தார்கள். இன்னொரு சான்றும் உண்டு. 1299 டிசம்பரில் ஹோம்ஸ் அருகே ஹுலாகுவின் வழிவந்த கசான் கான் மம்லுக் படையை நன்றாகவே தோற்கடித்தார். டமாஸ்கஸ் மறுபடி கைக்கு வந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் படையின் பெரும்பகுதி ஊர் திரும்பிவிட்டது. போரில் ஜெயித்த பிறகும் தங்க முடியவில்லை என்றால் தடுத்தது எதிரியின் வாள் மட்டும் இல்லையே!

ஹங்கேரி விஷயத்திலும் கட்டுரை அவசரப்பட்டுவிட்டது. 1241 ஏப்ரலில் மோஹியில் மன்னர் பேலாவின் படையை அழித்த பாத்து, 1242இல் திரும்பிப் போனதற்கு அப்போதைய பேரரசர் ஓகதாய் கானின் மரணம் ஒன்றே காரணம் என்கிறார் கட்டுரையாளர். ஆனால் புதிய கானைத் தேர்ந்தெடுக்க பாத்து மங்கோலியாவுக்குப் போகவே இல்லை. வோல்கா பக்கம் தங்கிவிட்டார். ஹங்கேரிச் சமவெளி எத்தனை குதிரைகளுக்குத் தாங்கும், கல் கோட்டைகள் எவ்வளவு தொல்லை கொடுத்தன என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

அடுத்த இதழில் தொடர்ச்சி வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் வரைபடம் இருந்தால், போர் நடந்த இடங்களோடு அஜர்பைஜானின் மேய்ச்சல் நிலங்களையும் சிரியாவின் ஓரோன்டஸ் ஆற்றையும் குறிக்கச் சொல்லுங்கள். ஹுலாகுவின் கடிதத்தில் புல்லைப் பற்றி வரும் பகுதியைத் தமிழாக்கிப் பெட்டிச் செய்தியாகப் போடலாம். ஓவியரிடம் குட்டைக் கால் குதிரையையே வரையச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒன்று போதாது, பின்னால் இன்னும் நாலு நிற்கட்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்,
நாமக்கல்.