கூடி ஆடும் விளையாட்டில் பேச்சு ஏன் நின்றது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகில் கூடி, பாத்திரமேற்று ஆடும் இணைய விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆன்லைன் விளையாட்டு என்றாலே ரம்மியும் துப்பாக்கிச் சண்டையும் மட்டுமே பேசப்படும் சூழலில், இந்த வகையை எடுத்துக்கொண்டு எழுத முன்வந்ததற்கு முதலில் என் நன்றி. இவ்விளையாட்டுகளில் இப்போது யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று கட்டுரையாளர் கவனித்திருப்பது சரியே. ஆனால் இன்றைய பிள்ளைகளுக்குப் பழகத் தெரியவில்லை, பொறுமை இல்லை என்பதை அதற்குக் காரணமாக அவர் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நெடுங்காலமாக இவற்றை ஆடி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒருவரை ஒருவர் நாட வேண்டிய தேவையை, விளையாட்டை உருவாக்கியவர்களே படிப்படியாக எடுத்துவிட்டார்கள்.

1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய 'மட்' என்ற விளையாட்டில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். அதிலிருந்து வளர்ந்த வகை இது. இத்தகைய விளையாட்டுகளுக்கு வருபவர்களை 1996 இல் பார்ட்டில் நான்கு வகையாகப் பிரித்தபோது, பிறரோடு பழகுவதற்காகவே வருபவர்களைத் தனி வகையாகவே வைத்தார். அவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

1999 மார்ச்சில் வெளிவந்த எவர்குவெஸ்ட் என்ற விளையாட்டு எப்படி இயங்கியது என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் என் வாதம் விளங்கும். அதில் ஒருவருடைய பாத்திரம் இறந்துவிட்டால், கவசமும் ஆயுதமும் சேர்த்த பொருளும் இறந்த இடத்திலேயே உடலோடு கிடக்கும். ஆடுபவர் வெறுங்கையோடு வேறோர் இடத்தில் எழுந்து, அந்த உடலைத் தேடிப் போக வேண்டும். கொடிய பிராணிகள் நிறைந்த குகையின் அடியாழத்தில் உடல் கிடந்தால், தனியாளாகப் போய் மீட்பது அநேகமாக நடக்காது. உயிர்ப்பித்து, இழந்த அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் கிளெரிக், மந்திரத்தால் தொலைதூரம் கொண்டுசேர்க்கும் ட்ரூயிட் அல்லது விஸர்ட் என முன்பின் அறியாதவர்களிடம் உதவி கேட்டே ஆக வேண்டும். உதவி பெற்றவர் அந்தப் பெயரை மறக்கமாட்டார். மந்திர சக்தி தீர்ந்தால் உட்கார்ந்து நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் அதில் விதி. கைக்கு வேலையில்லாத அந்த நேரத்தில்தான் எந்த ஊர், என்ன வேலை, குழந்தை தூங்கிவிட்டதா என்ற பேச்செல்லாம் நடந்தது. ஈஸ்ட் காமன்லேண்ட்ஸ் என்ற பகுதியிலிருந்த ஒரு சுரங்கப்பாதையை, எந்த வடிவமைப்பாளரும் திட்டமிடாமலே, ஆடுபவர்கள் தாங்களாகவே சந்தையாக்கிக்கொண்டு, கூவி விற்றுப் பேரம் பேசினார்கள். 2001 இறுதியில் வந்த விரிவாக்கம் 'பஜார்' என்ற தானியங்கி விற்பனை வசதியைத் தந்தது. கணினியை ஓடவிட்டு விற்பவர் தூங்கப் போனாலும் வியாபாரம் நடந்தது. சுரங்கப்பாதைச் சந்தையின் இரைச்சல் ஓய்ந்தது. கட்டுரையாளர் குறை சொல்லும் தலைமுறையில் பலர் அப்போது பிறந்திருக்கக்கூட மாட்டார்கள்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற விளையாட்டுக்கு நேர்ந்த கதி. 2003 இல் வெளிவந்த அவ்விளையாட்டில் சண்டையிடுவோருக்குப் போர்க்களைப்பு என்ற ஒன்று சேரும். அதைப் போக்கிக்கொள்ள ஊர் விடுதிக்குப் போய், நடனக்காரரின் ஆட்டத்தைப் பார்க்கவோ இசைக்கலைஞரின் பாட்டைக் கேட்கவோ வேண்டும். அந்த நடனக்காரரும் இசைக்கலைஞரும் ஆட வந்திருக்கும் உண்மையான மனிதர்கள். ஆயுதத்தைத் தொடாமல், விடுதியில் ஆடிப் பாடி, வருபவர்களோடு உரையாடுவதையே முழுநேர வேலையாகக் கொண்டு ஒருவர் அவ்வுலகில் மதிப்போடு வாழ முடிந்தது. வீரனுக்கு அவரிடம் போகாமல் வழியில்லை. இவ்வளவு அழகான ஏற்பாட்டை வேறெந்த விளையாட்டிலும் நான் கண்டதில்லை. 2005 நவம்பரில் விளையாட்டை எளிமையாக்குவதாகச் சொல்லி, 30க்கும் மேற்பட்ட தொழில்களை 9 ஆகச் சுருக்கினார்கள். ஆடியவர்களில் பெரும்பகுதியினர் கோபத்தோடும் கண்ணீரோடும் வெளியேறினார்கள். 2011 டிசம்பர் 15 அன்று அது மூடப்பட்டது.

2004 நவம்பரில் வெளிவந்து இவ்வகையில் மிகப் பெரிதாக வளர்ந்தது வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட். தொடக்க ஆண்டுகளில் அதில் ஒரு டன்ஜனுக்குள், அதாவது எதிரிகள் நிறைந்த குகை, கோட்டை போன்ற இடத்துக்குள், போக வேண்டுமானால், அடி தாங்கும் டேங்க் ஒருவர், காயம் ஆற்றும் ஹீலர் ஒருவர், தாக்குபவர் மூவர் என ஐந்து பேரை நகரத்து அரட்டையில் கேட்டுக் கேட்டுச் சேர்த்து, அதன் வாசல்வரை பயணம் செய்ய வேண்டும். எல்லோரும் ஒரே சர்வரை, அதாவது அவ்வுலகின் ஒரே பிரதியை, சேர்ந்தவர்கள். பொதுவில் பங்கிட வேண்டிய பொருளைத் தட்டிக்கொண்டு ஓடியவரின் பெயர் சில நாளில் சர்வர் முழுவதும் பரவும்; பொறுமையாகக் கற்றுத்தந்தவரின் பெயரும் அப்படியே. 2009 டிசம்பரில் வந்த டன்ஜன் ஃபைண்டர் வசதி இதை மாற்றியது. பொத்தானை அழுத்தினால் கணினியே பல சர்வர்களிலிருந்து ஐவரைப் பொறுக்கி உள்ளே கொண்டுபோய் நிறுத்தும். முடிந்ததும் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பும். 2011 இல், இன்னும் பலர் கூடிச் செய்யும் ரெய்டு என்ற பெரிய சண்டைகளுக்கும் இதே வசதி வந்தது.

காத்திருப்பு குறைந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. வேலைக்குப் போய்வந்து, குடும்பத்தையும் கவனித்து, இரவில் ஒரு மணி நேரம் கிடைப்பவருக்கு, அந்த நேரமெல்லாம் ஆள் தேடுவதிலேயே கழிந்தால் என்ன பயன்? கெடுதல் செய்தது, வேறுவேறு சர்வர் ஆட்களைக் கலந்ததுதான். தினமும் ஒரே பாசஞ்சர் ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் மாதக்கணக்கில் முகம் பார்த்துப் பார்த்தே பழக்கமாகிறார்கள். ஒவ்வொரு நாளும் பெட்டியில் புது ஆட்களே ஏறினால் அந்தப் பழக்கம் உண்டாக இடமில்லை. இனி ஒருபோதும் எதிர்ப்படப் போகாத நால்வரிடம் யார் என்ன பேசுவார்? தடுமாறும் புதியவரைக் கற்பித்துக் கூட்டிச் செல்வதைவிட, ஓட்டுப் போட்டு வெளியேற்றிவிட்டு அடுத்தவரைக் கணினியிடம் கேட்பது எளிதாகிவிட்டது. இப்படி வெளியேற்றப்பட்டவர்கள் பேசக் கற்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய காலத்தில் எல்லோரும் கூடிக் குலவிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். நிக்கோலா டுஷெனோ, நிக் யீ முதலிய ஆய்வாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வு, வார்கிராஃப்டில் பலர், குறிப்பாகத் தொடக்க லெவல்களில், பெரும்பாலான நேரம் தனியாகவே ஆடினார்கள் என்று காட்டியது. சுற்றியிருக்கும் கூட்டம் அவர்களுக்குப் பார்வையாளராகவும் பின்னணியாகவும் பயன்பட்டது. தனியாக ஆட விரும்புபவர் எப்போதும் உண்டு. ஆனால் அப்படிப்பட்டவரும் லெவல் உயர்ந்த பின் ஒரு கட்டத்தில் பிறரை நாட வேண்டியிருந்தது. பல நட்புகள் அங்கேதான் தொடங்கின. அந்தக் கட்டம்தான் இன்று காணாமற்போயிருக்கிறது.

இன்னொரு மாற்றமும் உண்டு. 2015 இல் டிஸ்கார்டு என்ற தனி அரட்டைச் செயலி வந்த பிறகு, கில்டுகள் எனப்படும் ஆட்டக்காரர் குழுக்களின் பேச்சு பெருமளவு அங்கே போய்விட்டது. ஏற்கெனவே நண்பர்களாக இருப்பவர்களுக்கு அது வசதி. புதிதாக வருபவர் காதில் மட்டும் ஒன்றும் விழுவதில்லை.

நட்பு என்று நான் சொல்வதை வெறும் பொழுதுபோக்காக எண்ணுபவர்களுக்கு, நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீனைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014 இல் 25 வயதில் இறந்தவர் அவர். மகன் நண்பர்களே இல்லாமல் தனிமையில் வாழ்ந்து முடித்துவிட்டான் என்றே பெற்றோர் வருந்திக்கொண்டிருந்தார்கள். மரணச் செய்தியை அவருடைய வலைப்பதிவில் வெளியிட்டதும், வார்கிராஃப்டில் இபெலின் என்ற பெயரில் அவரை அறிந்திருந்தவர்களின் கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஸ்டார்லைட் என்ற அவருடைய கில்டைச் சேர்ந்தவர்கள் வெளிநாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்து நின்றார்கள். ஒரே இடத்தில், ஒரே பெயரில், ஆண்டுக்கணக்கில் பழகியதால் உண்டான உறவு அது. சில நிமிடங்களுக்குக் கணினி சேர்த்துவைக்கும் ஐவரிடையே இப்படியோர் உறவு உண்டாக நேரமேது?

2019 ஆகஸ்டில் பழைய வார்கிராஃப்ட் 'கிளாசிக்' என்ற பெயரில், டன்ஜன் ஃபைண்டர் இல்லாமல், மீண்டும் வந்தபோது அரட்டைப் பெட்டி முதல் நாளிலிருந்தே நிரம்பி வழிந்தது. புதிய பதிப்பில் வாய் திறக்காமல் ஆடியவர்களில் பலரே இங்கே வந்து பேசினார்கள். பழகத் தெரியாத தலைமுறை என்ற கூற்றுக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டுமா? அதே கிளாசிக் வரிசையில் 2022 இல் வந்த அடுத்த கட்டத்தில், ஆடுபவர்களின் உறவைக் காக்க டன்ஜன் ஃபைண்டரைத் தரப்போவதில்லை என்று அறிவித்த நிறுவனம், 2023 இல் அதைச் சேர்த்துவிட்டது. ஆடுபவர்களில் ஒரு பகுதியினர் விடாமல் கேட்டதும் உண்மை. இப்போது கூடவரும் மனிதர்களே தேவையில்லை என்ற நிலை வந்திருக்கிறது: ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற இதே வகை விளையாட்டில் 2019 முதலும், வார்கிராஃப்டில் 2024 ஜனவரி முதலும், கணினி இயக்கும் துணைவர்களோடு டன்ஜனை முடித்துவிடலாம். கூச்சமுள்ளவர் பழகிப் பார்க்க அது உதவும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தத் துணைவரிடம் எந்த ஊர் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இத்தகைய விளையாட்டுகளுக்கு இனித் தங்கள் இதழில் மதிப்புரை வரும்போது, படங்களின் அழகையும் சந்தாத் தொகையையும் சொல்வதோடு இரண்டு செய்திகளையும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள்: நேற்று உடன் ஆடியவரை அடுத்த வாரம் மீண்டும் சந்திக்க அதில் இயல்பான வழி இருக்கிறதா, பிறர் உதவியின்றி முடிக்க இயலாத, முடிக்கத் தகுந்த வேலை ஏதேனும் அதில் இருக்கிறதா. பிள்ளைகளுக்கு விளையாட்டு வாங்கித் தரும் பெற்றோருக்கும் அந்த இரண்டு செய்திகள் தேவைப்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கோயம்புத்தூர்.