பதினேழா, பதினெட்டா?

அம்பாசமுத்திரம்
ஆனி மாசம்

ஏலே மாப்ளே,

தங்கச்சிக்கு முழங்கால் தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். சாரல் ஆரம்பிச்சிட்டு, நீதான் வந்தபாடில்லை. ஆறு மாசமா கடுதாசி போடலைன்னு ஏசணும்னா நேர்ல வந்து ஏசு. இதைப் போன்லயே சொல்லியிருப்பேன். உன் சிரிப்பைக் கேக்கத் தெம்பு இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு லோடு வேனுக்கு ஆயில் மாத்த அடியில படுத்தேன். ரிங் ஸ்பேனரை எடுத்து எழுத்தைப் பாத்தேன், 17-ன்னுதான் தெரிஞ்சுது. ஆயில் வடிக்கிற டிரெயின் போல்ட்ல மாட்டி ஒரு இழு இழுத்தேன், சறுக்கிட்டு. நம்ம புத்திதான் தெரியுமே, இன்னும் ஓங்கி இழுத்தேன். ஆறு மூலையும் மொழுமொழுன்னு ஆயிட்டு. வெளிச்சத்துல கொண்டு வந்து பாத்தா, கையில இருக்கது 18. ரிங்கு மூலையைத்தானே பிடிக்கும், ஒரு மில்லி லூஸு போதும் தலையைச் சிரைக்க. பைப் ரென்ச்சால கழட்டி, புது போல்ட் என் காசுல போட்டேன்.

கடைப் பையன் ஒண்ணும் கேக்கலை. அதான் சுட்டுது. அன்னைக்கிலேர்ந்து நான் கையை நீட்டுனா, சொல்றதுக்கு முன்னே சரியான சைஸை வைக்கான்.

திருநெல்வேலிக்குப் போய்க் கண்ணைக் காட்டுனேன். வெள்ளெழுத்து நமக்குப் பழசு. இப்போ புரையும் தொடங்கியிருக்காம். ரெண்டு பவர் கண்ணாடி இருக்கே, அது வண்டிக்கு அடியில ஒண்ணுக்கும் ஆகாது மாப்ளே. கிட்டப் பவரு கீழ்ப் பாதியில இருக்கு, போல்ட்டு தலைக்கு மேல இருக்கு. தாடையை வானத்தைப் பாக்கத் தூக்கி, கழுத்துச் சுளுக்குதான் மிச்சம். மேலயும் கீழயும் கிட்டப் பவர் வச்ச கண்ணாடி செஞ்சு தருவாங்களாம். சொல்லியிருக்கேன்.

டேப் ஒட்டிப் பாத்தேன். 12-க்கு நீலம், 14-க்குப் பச்சை. சாயந்திரம் பல்பு வெளிச்சத்துல ரெண்டும் ஒண்ணு. புரை விழுந்தா நீலம் மங்குமாம், அதை ஒட்டுனதுக்கு அப்புறம்தான் சொல்லுதாங்க! சாக்பீஸைத் தேச்சுப் பாத்தேன், ரெண்டு நாள் எண்ணெய்ல காணாமப் போச்சு. கடைசியில மண்ணெண்ணெய்ல கழுவி, எழுத்துப் பள்ளத்துல எனாமல் பெயிண்டை விட்டு, காயறதுக்குள்ள மேல துடைச்சேன். பளபளக்கிற ஸ்பேனருக்குக் கறுப்பு, கறுத்த சாக்கெட்டுக்கு வெள்ளை. இப்போ முழ தூரத்துல படிக்கேன். பெட்டி முழுக்க முடிக்க ரெண்டு ஞாயிறு ஆச்சு.

அப்போதான் ஒண்ணு கவனிச்சேன். கண்ணை மூடிக்கிட்டு எடுத்தா 10-லேர்ந்து 15 வரைக்கும் தப்பவே இல்லை. கனம், கழுத்து நீளம், வாய்க்குள்ள விரல் நுழையிற மட்டு, எல்லாம் கைக்குத் தெரியுது. பெரிய சைஸுலதான் கை குழம்புது. நமக்குத் தொழில் சொல்லித் தந்த அண்ணாச்சியோட பழைய புல்லட் ஸ்பேனர் ஞாபகம் இருக்கா? பழைய இங்கிலீஷ் இஞ்ச் கணக்குல 1/4 W-ன்னு எழுதியிருக்கும், வாயை அளந்தா 13 மில்லிக்கு மேல. போல்ட்டுத் தண்டு அளவைல்லா எழுதியிருப்பான்! “எழுத்தை நம்பாதிங்கடா”ன்னு அடிச்சு அடிச்சுக் கையாலயே எடுக்க வச்சாரு. அந்த அடி இப்போ சம்பளம் குடுக்குது.

மாப்ளே, புரையை எடுத்தாச் சரியாப் போகும்னு டாக்டர் சொல்லுதாரு. எனக்குப் பயம் அது இல்லை. அன்னைக்கு பிரேக் வேலையா இருந்திருந்தா? உனக்கும் இப்படி ஆயிருக்கா? விளையாடாம எழுது.

ராத்திரி கடையைச் சாத்துமுன்னே பலகையில எண்ணுதேன், அண்ணாச்சி மாதிரியே. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அவர் வரைஞ்ச கறுப்பு நிழல் அப்படியே இருக்கு. நாம எவ்வளவு கேலி பண்ணியிருப்போம்! எல்லா நிழலும் மூடிட்டு, ஒண்ணைத் தவிர. ஒரு முனை பத்து, மறுமுனை பதினொண்ணு, அந்த 10-11. நீ ஓசூருக்கு பஸ் ஏறுன அன்னைக்கிலேர்ந்து அது காலி. வாரப்போ கொண்டு வா, திருட்டுப் பயலே.

உன்
பதினொண்ணு