அனுப்பாத கடிதம்

அன்பு மகளுக்கு,

இங்கு அம்மாவும் நானும் நலம். குழுத் தலைவியாகப் பொறுப்பேற்ற மூன்றாம் மாதத்திலேயே, தவறு செய்த ஓர் இளைஞனை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டதாகவும், அதன்பின் கூட்டங்களில் ஒருவரும் வாய் திறப்பதில்லை என்றும் நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைவாக இருக்கிறது. ‘வேலையில் கண்டிப்பு வேண்டாமா அப்பா?’ என்று கேட்டாய். வேண்டும். ஆனால் அந்த மௌனத்தை மரியாதை என்று நீ எடுத்துக்கொண்டுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

நூற்பாலையில் நான் மேற்பார்வையாளராக இருந்தபோது, ஒரு முழு இரவு ஷிஃப்டில், ரிங் ஃப்ரேம் என்னும் நூற்பு இயந்திரத்தின் அருகே நின்றபடியே கண்ணயர்ந்துவிட்ட ஒரு பெண்ணை, இயந்திர இரைச்சலையும் மீறிக் கத்தித் திட்டி, மெமோவும் கொடுத்தேன். அவருடைய குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்பது பிறகுதான் தெரிந்தது. பத்து நாள் கழித்து, 40-ஆம் நம்பர் நூல் சுற்றிய பாபின்களோடு, அதைவிட மெல்லிய 60-ஆம் நம்பர் பாபின்களும் கலந்து, நூலைக் கூம்புகளில் சுற்றும் கோன் வைண்டிங்குக்குப் போய்விட்டன. இப்படிக் கவுண்ட், அதாவது நூலின் நம்பர், கலந்துவிட்டால், துணியாகிச் சாயம் ஏறிய பிறகு பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு நிற பாபின் என்பதால், பாபின் எடுக்கும் பையன் ஒருவன் அவற்றின் நிறம் மாறியிருந்ததைப் பார்த்திருக்கிறான். என்னிடம் சொல்ல அஞ்சிப் பேசாமல் போயிருக்கிறான். ஒதுக்கி அடுக்கியிருந்த அந்தக் கோன்களுக்கு முன்னால் நின்றபோது, குற்றம் யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

நான் அடக்கத் தவறிய கோபத்தை அடக்கிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை முதல் மூன்று நாட்கள் கெட்டிஸ்பர்க்கில் நடந்த சண்டையில் வடக்கு மாநிலங்களின் படைத் தளபதி ஜெனரல் மீட் வென்றார். ஆனால் தோற்ற தெற்குப் படைத் தளபதி லீயின் படை பொட்டோமாக் ஆற்றைக் கடந்து தப்பிவிட்டது. குடியரசுத் தலைவர் லிங்கனின் அதிருப்தி தந்தி வழியே மீடுக்கு எட்டியதும் அவர் பதவி விலகவே முன்வந்தார். அவரைச் சமாதானப்படுத்துவதற்காக ஜூலை 14 அன்று லிங்கன் எழுதத் தொடங்கிய கடிதத்தில், போரையே முடித்திருக்கலாமே என்ற ஆற்றாமை பொங்கி வழிந்தது. அதை அவர் அனுப்பவில்லை. ‘அனுப்பவும் இல்லை, கையெழுத்திடவும் இல்லை’ என்று உறையின் மேல் குறித்து வைத்துவிட்டார். போர் முடியும்வரை மீட் அதே படைக்குத் தளபதியாக நீடித்தார்.

லிங்கனுக்குக் கோபம் வரவில்லை என்று எண்ணாதே. தன் கோபம் எவ்வளவு என்பதைத் தாளில் முழுதாகப் பார்த்துவிட்டு, அது போய்ச் சேரும் இடத்தில் என்ன செய்யும் என்றும் அவர் எண்ணிப் பார்த்திருப்பார் என்றே எனக்குப் படுகிறது. சலோவே, மேயர் என்னும் உளவியலாளர்கள் 1990-இல் உணர்வுசார் நுண்ணறிவு என்று வரையறுத்ததும் ஏறக்குறைய இதைத்தான்: தன் உணர்வையும் பிறர் உணர்வையும் இனங்கண்டு, அந்த அறிவைக் கொண்டு நடந்துகொள்வது. இனிக்க இனிக்கப் பேசுவதும் தவறைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் இதில் சேராது.

அந்த இளைஞனைத் தனியே அழைத்துப் பேசு. தவறு தவறுதான் என்று தெளிவாகச் சொல். எல்லோர் முன்னும் சொன்னதற்கு வருத்தமும் தெரிவி. பிறகு, அன்று என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இரு. அந்தப் பெண்ணிடம் நான் இதைக் கேட்கவே இல்லை, கண்ணு. ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது அவன் என்ன சொன்னான் என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா