தெக்கோங் படகும் உன் கேள்வியும்

அன்புள்ள ராஜா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி, சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல். பதில் தாமதமானதற்குக் காரணம் நீ கடைசியில் கேட்ட கேள்வி. "சிங்கப்பூர்ல பட்டாளத்துக்கு விளம்பரம் செய்யறியாமே, மனசு ஒப்புதா?" ஒப்புகிறது. ஆனால் அதை இப்படி ஒற்றைச் சொல்லாக எழுதி அனுப்ப எனக்கு மனமில்லை.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் நிறுவனத்துக்கு ராணுவம் ஒரு வாடிக்கையாளர். வாசகம் எழுதுவது, படம் எடுப்பது எல்லாம் வேறு ஆட்கள். அதற்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்கிற ஆள் நான், பிளானர் என்பார்கள். யாரிடம் பேசப் போகிறோம், அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள், நாம் சொன்னால் நம்புவார்களா, வேறு யாராவது சொன்னால்தான் நம்புவார்களா, எப்போது வாயே திறக்கக் கூடாது, இதையெல்லாம் நாலு பேரிடம் போய்க் கேட்டு இரண்டு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். அந்த இரண்டு பக்கத்துக்குச் சில சமயம் இரண்டு மாதம் ஆகும்.

நம் ஊரில் பட்டாளத்தில் சேருவது அவரவர் விருப்பம். இங்கே 1967-லிருந்து தேசிய சேவை கட்டாயம். 18 வயதானால் பையன் இரண்டு வருடம் போயாக வேண்டும், முடித்த பிறகும் பல வருடங்களுக்கு அவ்வப்போது பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். ஆகவே வந்து சேரு என்று ஆசை காட்டுகிற வேலை என் பங்கில் இல்லை, சட்டமே கூப்பிட்டுவிடுகிறது. மிச்சமிருப்பது 'எதற்காக' என்ற கேள்வி. அதைக் கேட்பது பெரும்பாலும் பையன்கள் இல்லை, அம்மாக்கள்.

போன வருடம் தெக்கோங் தீவுக்குப் போயிருந்தேன். அங்கேதான் அடிப்படைப் பயிற்சி. முதல் நாள் பெற்றோரும் சாங்கியிலிருந்து படகில் கூடவே வரலாம். பையன் தங்கப்போகிற அறை, கட்டில் எல்லாம் காட்டுவார்கள், அப்புறம் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு வேளை சாப்பாடு. எனக்கு எதிரே ஒரு தமிழ்க் குடும்பம். அந்த அம்மா தன் தட்டிலிருந்த கோழித்துண்டை எடுத்துப் பையன் தட்டில் வைத்தார், அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு "போதும்மா" என்று மெதுவாகச் சொன்னான். நான் யார் என்று சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ராத்திரியில காய்ச்சல் வந்தா யாருகிட்ட சொல்லணும்னு இவனுக்குத் தெரியுமா தம்பி?" என் பையில் இருந்த குறிப்பில் நாடு, இறையாண்மை, தலைமுறை என்று பெரிய சொற்களாக இருந்தன. படகில் திரும்பும்போது அதையெல்லாம் அடித்துவிட்டு அந்தக் கேள்வியை முதல் வரியாக எழுதினேன். அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

2019 ஜனவரியில் அலோசியஸ் பாங் என்ற நடிகர் இறந்தது உனக்குத் தெரிந்திருக்காது. 28 வயது, டிவியில் எல்லாருக்கும் தெரிந்த முகம். பயிற்சிக்காக நியூசிலாந்து போனவர், பீரங்கி வண்டிக்குள் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது குழல் இறங்கி நசுங்கிவிட்டார். ஊரே அழுதது. பயிற்சியின் வேகத்தைக் குறைப்பதாக ராணுவம் அறிவித்தது. அப்போது நான் இந்த வேலையில் இல்லை, செய்தி படிக்கிற ஒரு தகப்பனாகத்தான் இருந்தேன். அந்த நாட்களில் நான் தேடியது என்ன நடந்தது, யார் விசாரிக்கிறார்கள், அடுத்த தகவல் எப்போது வரும் என்ற மூன்றை மட்டும்தான். ஆகவே இப்போது நான் எழுதும் ஒவ்வொரு திட்டத்திலும், ஓர் உயிர் போனால் ஓடுகிற விளம்பரம் எல்லாம் அந்த நிமிடமே நிற்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அதை எடுத்துவிடச் சொன்னால் நான் விலகிவிடுவேன்.

சொற்களைப் பற்றி உனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. உன் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து "ஷோனான்ல நேதாஜியப் பாத்தேன்" என்பாரே, நினைவிருக்கிறதா? ஜப்பான்காரன் சிங்கப்பூருக்கு வைத்த பெயர் அது, தெற்கின் ஒளி என்று பொருள். 2017 பிப்ரவரியில் இங்கே பழைய ஃபோர்டு தொழிற்சாலையில், அதாவது 1942-ல் பிரிட்டிஷார் ஜப்பான்காரனிடம் சரணடைந்த இடத்தில், ஒரு போர்க்காலக் காட்சிக்கூடத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். சீனக் குடும்பங்கள் கொதித்துப்போயின. சரணடைந்த சில வாரங்களுக்குள் அவர்களுடைய அப்பாக்களையும் அண்ணன்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சுட்டவர்கள் வைத்த பெயர் அல்லவா! திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பெயரை எடுத்தார்கள், அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். உன் தாத்தாவுக்கு நெஞ்சு நிமிர்ந்த அதே சொல் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் சாவுச் செய்தி. போர்க்காலத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத நம் தோட்டத் தொழிலாளர் வீடுகளிலும் அது இனிக்காது. வருடாவருடம் பிப்ரவரி 15 மாலை 6.20-க்கு, அந்தச் சரணடைந்த நேரத்தில், தீவு முழுக்கச் சைரன் ஊதும். முழுமைத் தற்காப்பு நாள் என்று பெயர். எந்த வாசகமும் தேவைப்படாத ஒரு நிமிடம் அது, என் தொழிலில் அதைவிட நல்ல வேலையை நான் பார்த்ததில்லை.

தமிழுக்காகத்தான் அடிக்கடி சண்டை. நாலு மொழிச் சுவரொட்டியில் தமிழ் எப்போதும் கடைசியாக, அவசரத்தில் வரும். போன மாதம் அச்சுக்குப் போகவிருந்த ஒன்றில் 'போர்' என்ற சொல்லின் கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. வடிவமைத்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. நிறுத்தி, எழுத்துரு மாற்றி, ஒரு நாள் தாமதமாக அனுப்பினோம். தமிழ்ப் பையனையும் அதே இரண்டு வருடம் கூப்பிடுகிறார்கள், அவன் அம்மாவுக்குப் போகிற தாளில் எழுத்தாவது ஒழுங்காக இருக்க வேண்டாமா?

வீட்டுச் செய்தி இதுதான்: பெரியவனுக்கு அழைப்புக் கடிதம் வந்துவிட்டது, ஜனவரியில் படகு ஏறுகிறான். காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டேன். இவள்தான் தினமும் இரண்டு தடவை அவனைத் திரும்பச் சொல்லச் சொல்கிறாள்.

தாத்தா சீருடையில் நிற்கிற அந்தப் போட்டோவைப் பரணிலிருந்து எடுத்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. பின்னால் பென்சிலில் ஏதோ ஊர்ப் பெயர் எழுதியிருந்த ஞாபகம்.

உன்,
சேகர்