இங்க் இருக்கு, பிரிண்டர்தான் மாட்டேங்குது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் அல்சூர்ல சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துல குடியிருக்கேன், வீட்டுலயே டியூஷன் எடுக்கறேன், அஞ்சாங்கிளாஸ்லேருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் 22 பிள்ளைங்க வராங்க. உங்க பேப்பருக்கு இதுவரைக்கும் லெட்டர் எழுதினதில்ல. தண்ணி வரல, குப்பை அள்ளலன்னு எழுதறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா இங்க் இருந்தும் பிரிண்டர் எடுக்க மாட்டேங்கற, வீட்டுக்கு வீடு இருக்கற இந்தப் பிரச்னைய பத்தி யாருமே எழுதி நான் பார்க்கல, அதனாலதான் எழுதறேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் போடுங்க.

மூணு வருஷம் முன்னாடி 4,200 ரூபாய்க்கு ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கினேன். பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் எல்லாம் ஒண்ணுலயே. கம்பெனி பேரு வேணாம். பெட்டிக்குள்ள வந்த கேட்ரிட்ஜ், அதாவது இங்க் டப்பா, ஒரு மாசம்கூட வரல, கடைல கேட்டா அது செட்டப் கேட்ரிட்ஜ்மா, பாதிதான் இங்க் இருக்கும்னு சொன்னாங்க, வாங்கும்போது அத சொல்லல. புதுசா வாங்கப் போனா பிளாக் 900, கலர் 1,100. அதாவது ரெண்டு டப்பா சேர்ந்தா பிரிண்டர்ல பாதி விலை. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு எங்க பாட்டி சொல்லும், அந்தக் கணக்குதான் இது. பிளாக்ல எனக்கு 150 பக்கம் வந்தா பெருசு, அப்போ ஒரு பக்கத்துக்கு ஆறு ரூபா, நான் வாங்கற பீஸ்ல ஒரு பிள்ளைக்கு மாசம் பத்து ஒர்க்‌ஷீட் கொடுத்தாலே 60 ரூபா அதுக்கே போயிடும்.

அதனால எல்லாரும் பண்றத நானும் பண்ணினேன். மெட்ரோல மெஜஸ்டிக் போய் மாறி சிக்பேட்ல எறங்கி எஸ்.பி. ரோட்டுக்கு நடந்து போனா, அங்க ரீஃபில் பண்ற கடைங்க இருக்கு. நான் போற கடைல ஒரு தம்பி, கிருஷ்ணகிரிப் பக்கம், சிரிஞ்சுல இங்க் எடுத்து கேட்ரிட்ஜ் மேல இருக்கற ஸ்டிக்கர விலக்கி மெதுவா உள்ள இருக்கற ஸ்பாஞ்சுல எறக்குவாரு, வேகமா ஊத்தினா காத்து அடைச்சிக்கும்பாரு, அப்புறம் டிஷ்யூ பேப்பர்ல வெச்சு ஒத்தி மூணு கலரும் தனித்தனியா கோடு விழுதான்னு காட்டிட்டுத்தான் காசு வாங்குவாரு. பிளாக் 150, கலர் 250. ஒன்றரை வருஷம் இப்படியே ஓடிச்சு, ஒரு குறை சொல்ல முடியாது.

இந்த வருஷம் பிப்ரவரில ஒரு சனிக்கிழமை ராத்திரி, பத்தாவது பிள்ளைங்களுக்கு மறுநாள் காலைல மாடல் டெஸ்ட், ஒம்பது பேருக்கு மேத்ஸ் பேப்பர் ஆளுக்கு எட்டு பக்கம் எடுக்கணும். பிரிண்டர ஆன் பண்ணா ஏதோ அப்டேட்னு கொஞ்ச நேரம் சுத்திச்சு, அப்புறம் லைட்டு மினுக்க ஆரம்பிச்சுது, ஃபோன்ல பார்த்தா இந்த கேட்ரிட்ஜ் ஒரிஜினல் இல்ல, தடை பண்ணப்பட்டிருக்குன்னு மெசேஜ். முந்தாநாள் வரைக்கும் அதே கேட்ரிட்ஜ்லதான் எடுத்தேன். கழட்டி மாட்டினேன், பிளக்க புடுங்கி வெச்சேன், ஒண்ணும் நடக்கல. மணி பத்தரை, ஜெராக்ஸ் கடை எல்லாம் மூடியாச்சு. கடைசில கேள்விய எல்லாம் போர்டுல எழுதிப் போட்டு பிள்ளைங்கள பார்த்து எழுத வெச்சேன், அதுலயே முக்கா மணி நேரம் போச்சு, ஒரு பொண்ணு கணக்க முடிக்க முடியாம அழுதுட்டா.

திங்கக்கிழமை அந்தத் தம்பிகிட்ட எடுத்துட்டு போனேன். பார்த்த உடனே சொல்லிட்டாரு, "அக்கா, இங்க் இருக்கு, மிஷினோட கண்ணத்தான் மூடிட்டாங்க, இந்த மாசம் எனக்கு இது ஏழாவது பிரிண்டர்." அவர் விளக்கினதுக்கு அப்புறம்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. கேட்ரிட்ஜ்ல ஒரு சின்ன சிப்பு இருக்கு. நாமெல்லாம் அது உள்ள எவ்ளோ இங்க் இருக்குன்னு பார்த்து சொல்லுதுன்னு நினைக்கறோம், பெரும்பாலான வீட்டு பிரிண்டர்ல அப்படி இல்ல, இத்தன சொட்டு அடிச்சாச்சுன்னு எண்ணிக்கிட்டே வரும், எண்ணிக்கை முடிஞ்சா காலின்னு சொல்லிடும், உள்ள மிச்சம் இருந்தாலும் சரி, நாம ரீஃபில் பண்ணி ரொப்பி வெச்சிருந்தாலும் சரி. அந்த சிப்பையே வெச்சுதான் இது எங்க கேட்ரிட்ஜா வேற ஆளோடதா, ஏற்கனவே தீர்ந்து போனதான்னும் பார்க்கறாங்க. என்ன மாதிரி ஆளுங்க, பிள்ளைங்க அனுப்பறத ஃபோன்லேருந்தே பிரிண்ட் எடுக்கலாம்னு வைஃபைல போட்டு வெச்சிருப்போம், அது வழியா கம்பெனி எப்ப வேணா சாஃப்ட்வேர மாத்தி, நேத்து வரைக்கும் ஒத்துக்கிட்டத இன்னைக்கு ஒத்துக்காம பண்ணிடலாம். என் வீட்டுல என் மேஜை மேல என் காசுல வாங்கின பொருள், அதுக்குள்ள வெளில இருக்கற ஒருத்தர் ராத்திரி வந்து பூட்டு போட்டுட்டு போற மாதிரி இருக்கு எனக்கு.

நாங்க படிக்கும்போது இங்க் பேனாதான். பேனா ஒரு கம்பெனி, இங்க் பிரில்லோ கேமலோ கடைல எது கெடைக்குதோ அத ஊத்துவோம், எந்தப் பேனாவும் எழுத மாட்டேன்னு நின்னதில்ல. நிப்பு வீணாப் போனா அது நம்ம பொறுப்பு. இங்கயும் அப்படி வெச்சா நான் ஒத்துக்கறேன். மட்டமான இங்க் ஊத்தினா இங்க் தெளிக்கற ஹெட் அடைச்சிக்கும், அது உண்மை, எனக்கே ஒரு தடவை அடைச்சுது. அந்த மாதிரி ஆனா வாரண்டி கெடையாதுன்னு சொல்லுங்க, நியாயம். ஆனா கெட்டுப் போகாத மிஷின, ஓடிக்கிட்டிருக்கற மிஷின நீங்களே நிறுத்தறது எந்த ஊர் நியாயம்?

அப்புறம் உக்காந்து தேடிப் படிச்சேன், இது எனக்கு மட்டும் நடந்ததில்ல, உலகம் பூரா நடந்திருக்கு. 2016 செப்டம்பர்ல எச்பி கம்பெனியோட சில ஆஃபீஸ்ஜெட் பிரிண்டர்ங்க ஒரே நாள்ல வேற கம்பெனி சிப்பு இருக்கற கேட்ரிட்ஜ எல்லாம் தள்ள ஆரம்பிச்சிருக்கு, அதுக்கு டைனமிக் செக்யூரிட்டின்னு பேரு, ஜனங்க சத்தம் போட்டதும் அந்த மாசக் கடைசிலயே மன்னிப்பு கேட்டு, அத எடுத்துவிடறதுக்கு தனியா ஒரு சாஃப்ட்வேரும் கொடுத்தாங்க, அமெரிக்கால கேஸ் ஆகி 15 லட்சம் டாலருக்கு சமாதானம் ஆச்சு. இத்தாலில போட்டி ஆணையம் 2020 டிசம்பர்ல அதே கம்பெனிக்கு 1 கோடி யூரோ ஃபைன் போட்டிருக்கு, முக்கியமான காரணம் என்னன்னா, வேற கேட்ரிட்ஜ் போட்டா வேலை செய்யாதுங்கறத வாங்கறவங்களுக்கு சரியா சொல்லலன்னு. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா பட்டுது. எனக்கும் யாரும் சொல்லல. பெட்டில எங்கயாவது பொடி எழுத்துல இருந்திருக்கலாம், கடைக்காரர் சொல்லல, விளம்பரத்துல இல்ல.

லெக்ஸ்மார்க்னு ஒரு பிரிண்டர் கம்பெனியோட கேஸும் படிச்சேன். அமெரிக்கால மேற்கு வர்ஜீனியால ஒரு சின்ன கம்பெனி லெக்ஸ்மார்க்கோட காலி டோனர் கேட்ரிட்ஜ (டோனர்னா லேசர் பிரிண்டர்ல இங்க்குக்கு பதிலா போடற பொடி) வாங்கி ரொப்பி வித்துட்டு இருந்தாங்க, லெக்ஸ்மார்க் எங்க பேட்டன்ட்ட மீறிட்டாங்கன்னு கோர்ட்டுக்கு போனாங்க. 2017 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ரொம்ப தெளிவா சொல்லிடுச்சு, வித்த பொருள் மேல பேட்டன்ட்ட காட்டி அதுக்கப்புறமும் உரிமை கொண்டாட முடியாதுன்னு. நம்ம ஊர்ல வித்தது வித்ததுதான்னு சந்தைல மாடு விக்கறவரே சொல்லுவாரு. ஆனா அந்தத் தீர்ப்பு பேட்டன்ட்ட பத்தினது மட்டும்தான், சிப்பு வெச்சு தடுக்கறத அது நிறுத்தல, அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் இது நடக்குது.

சிப்பு இல்லன்னா மிஷின் ஓடாதா? 2022-ல உலகம் பூரா சிப்பு தட்டுப்பாடு வந்தப்ப கேனான் ஐரோப்பால சில ஆபீஸ் மிஷினுக்கு சிப்பே இல்லாத டோனர் கேட்ரிட்ஜ் அனுப்பிச்சு, எச்சரிக்கை மெசேஜ் வந்தா இந்த பட்டன அமுக்கிட்டு பிரிண்ட் எடுங்கன்னு அவங்களே வழி சொல்லிக் கொடுத்தாங்க, டோனர் எவ்ளோ மிச்சம்னு மட்டும்தான் தெரியாது, பிரிண்ட் நல்லாவே வரும்னு. அது படிச்சப்ப எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அந்த ஒரு பட்டன எனக்கும் கொடுத்திருந்தா அந்தப் பொண்ணு அழுதிருக்க மாட்டா.

இன்னொரு கொடுமையும் இருக்கு. கலர் கேட்ரிட்ஜ்ல மஞ்சள், சிவப்பு, நீலம் மூணும் ஒரே டப்பா, மஞ்சள் தீர்ந்தா மத்த ரெண்டும் சேர்ந்து போச்சு. சரி பிளாக்ல எடுக்கலாம்னா கலர் இல்லாம பிளாக்கும் எடுக்காது. அதவிட, போன வருஷம் எதிர் வீட்டு தாத்தா பென்ஷன் விஷயமா ஆதார் கார்ட ஸ்கேன் பண்ணிக் குடும்மான்னு வந்தாரு, கலர் தீர்ந்திருந்துச்சு, ஸ்கேன் பண்ணவும் மாட்டேன்னுடுச்சு. ஸ்கேன் பண்றதுக்கு இங்க் எதுக்குங்க? வெளிச்சம் அடிச்சு படம் எடுக்கற வேலை அது. எண்பது வயசு மனுஷன் வெயில்ல நடந்து மார்க்கெட் பக்கம் போயிட்டு வந்தாரு.

என் தங்கச்சி வீட்டுல வேற கதை, அவ வீட்டுக்காரர் துபாய்லேருந்து வரும்போது எடுத்துட்டு வந்த பிரிண்டர், அதே கம்பெனியோட ஒரிஜினல் கேட்ரிட்ஜ்தான் இங்க காசு கொடுத்து வாங்கிப் போட்டா, இது வேற நாட்டுப் பக்கத்துக்கான (ரீஜன்) கேட்ரிட்ஜ்னு சொல்லி எடுத்துக்கல. ஒரிஜினல் போட்டாலும் இந்தக் கதி.

பாட்டில்லேருந்து இங்க் ஊத்தி ரொப்பற டேங்க் பிரிண்டர் வாங்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. நல்லதுதான், 65, 70 மில்லி பாட்டில் நானூறு ரூபா பக்கம் கெடைக்குது, ஆயிரக்கணக்குல பக்கம் வரும். அது எப்படி வந்துச்சுன்னு பார்த்தா அதுவும் நம்மள மாதிரி ஆளுங்களாலதான், இந்தோனேசியா மாதிரி ஊர்ங்கள்ல கடைக்காரங்க பிரிண்டருக்கு வெளிய டப்பா வெச்சு டியூப் மாட்டி ஓட்டிட்டு இருந்தாங்க, அதப் பார்த்துட்டு எப்சன் 2010-ல அந்த நாட்டுலதான் முதல்ல டேங்க் வெச்ச பிரிண்டர விட்டாங்க. ஆனா அந்த மிஷின் 12,000, 13,000 ஆகுது, 4,000 ரூபாய்க்கு வாங்கறவங்க முதல்லயே அவ்ளோ போட முடியாமதான இத வாங்கறாங்க. டேங்க்லயும் வேஸ்ட் இங்க் பேட்னு ஒண்ணு இருக்கு, ஹெட் கிளீன் பண்ற இங்க் எல்லாம் அந்தப் பஞ்சுல போய் சேரும், அது ரொம்பிடுச்சுன்னு கணக்கு காட்டி பல மாடல் நின்னுடும், சர்வீஸ் சென்டர் போனாத்தான் வழி. கணக்கு போட்டு நிறுத்தற பழக்கம் அங்கயும் விடல.

நம்ம நாட்டுல சட்டம் ஒண்ணுமே இல்லன்னும் சொல்ல முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல வந்துச்சு, பொருளோட தன்மைய தெரிஞ்சிக்கற உரிமை வாங்கறவங்களுக்கு இருக்குன்னு அதுல இருக்கு. மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலைல ரைட் டு ரிப்பேருக்குன்னு, அதாவது வாங்கின பொருள நாமளே ரிப்பேர் பண்ணிக்கற உரிமைக்குன்னு, ஒரு கமிட்டி போட்டு, அந்த டிசம்பர்ல வெப்சைட்டும் தொறந்தாங்க, விவசாயக் கருவி, மொபைல் டேப்லட், வீட்டு சாமான், வண்டின்னு நாலு துறை சொன்னாங்க, அதுல பிரிண்டர்னு தனியா பேரு இல்ல. 2014-ல காம்பெடிஷன் கமிஷன், ஸ்பேர் பார்ட்ஸ வெளி மெக்கானிக்குக்குக் கொடுக்காம பூட்டி வெச்சிருந்தாங்கன்னு 14 கார் கம்பெனிங்களுக்கு 2,544 கோடி ஃபைன் போட்டுச்சு, அவங்க அப்பீலுக்குப் போனாங்க அது வேற, ஆனா இது தப்புன்னு ஒரு ஆணையம் சொல்லுச்சு இல்லயா? காருக்கு சொன்னது பிரிண்டருக்குப் பொருந்தாதா? 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்த மின்கழிவு விதிலயும் பிரிண்டர், கேட்ரிட்ஜ் ரெண்டும் பட்டியல்ல இருக்கு. ஒரு பக்கம் கழிவு குறையணும்னு விதி, இன்னொரு பக்கம் நல்லா இருக்கற கேட்ரிட்ஜ ரெண்டாம் தடவ ரொப்ப விடாம குப்பைக்கு அனுப்பற சிப்பு, இது ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்க முடியும்னு யாராவது கேக்கணும்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. வேற கேட்ரிட்ஜ், ரீஃபில் வேலை செய்யாதுன்னா அத பெட்டியோட முன் பக்கத்துல பெரிய எழுத்துல, இங்கிலீஷ்ல மட்டும் இல்லாம கன்னடம், தமிழ், இந்தின்னு அந்தந்த ஊர் பாஷைல போடணும், அதப் படிச்சிட்டு வாங்கறதா வேணாமான்னு நாங்க முடிவு பண்ணிக்கறோம். வாங்கினதுக்கு அப்புறம் அப்டேட்னு சொல்லி ஓடிட்டு இருக்கறத நிறுத்தக் கூடாது. இங்க் இல்லன்னாலும் ஸ்கேன் ஓடணும்.

வாசகர்களுக்கும் ஒண்ணு. புதுசா வாங்கப் போறவங்க மிஷின் விலைய கேக்கறதுக்கு முன்னாடி கேட்ரிட்ஜ் விலையும் அதுல எத்தன பக்கம் வரும்ங்கறதும் கேட்டு வகுத்துப் பாருங்க. ரீஃபில் பண்ணி ஓட்டிட்டு இருக்கறவங்க செட்டிங்ஸ்ல போய் ஆட்டோ அப்டேட்ட ஆஃப் பண்ணிடுங்க, முடிஞ்சா வைஃபை இல்லாம யுஎஸ்பி ஒயர்ல மட்டும் ஓட்டுங்க, அந்தத் தம்பி எனக்கு சொன்னது இதுதான், எனக்கு அது லேட்டா தெரிஞ்சுது. ஏற்கனவே நின்னு போச்சுன்னா சும்மா விடாதீங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணி புகார் கொடுங்க, தமிழ்லயும் பேசலாம், பில்லு நம்பர் கையில வெச்சிக்குங்க.

நான் புகார் கொடுத்து அஞ்சு வாரம் ஆச்சு. கம்பெனிலேருந்து ஒரு தடவ போன் வந்துச்சு, ஒரிஜினல் கேட்ரிட்ஜ் போட்டா சரியாயிடும்னு சொன்னாங்க. அது எனக்கும் தெரியும், அத சொல்றதுக்கு நான் புகார் கொடுக்கலன்னு சொல்லி, அப்டேட்டுக்கு முந்தின சாஃப்ட்வேர திருப்பிப் போட்டுக் கொடுங்கன்னு எழுதிக் கேட்டிருக்கேன். இன்னும் பதில் வரல. வந்தா உங்களுக்கு மறுபடியும் எழுதறேன்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
அல்சூர், பெங்களூரு.