சென்னைக்கு 25 நிமிசமோ?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல பலாலி எயார்போட்ல இருந்து சென்னைக்கு 355 கிலோமீற்றர், பறக்கிற நேரம் 25 நிமிசம் எண்டு ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தனீங்கள். தூரம் சரி. நேரந்தான் பிழை, இத நம்பி ஆரும் சென்னையில இருந்து அங்கால போற பிளைட்ட நெருக்கி புக் பண்ணினா ரிக்கற் காசு போச்சு.

அந்த 25 எப்பிடி வந்ததெண்டு விளங்குது. நெற்றில ரெண்டு ஊரையும் அடிச்சா, பெரிய ஜெற் ஒண்டு எழும்பின உடனயே 850 கிலோமீற்றர் வேகத்தில ஓடுற மாதிரி பிரிச்சுக் காட்டும். பலாலிக்கு எங்க ஐயா ஜெற் வருது? ஓடுபாதை காணாது, சென்னைக்கு ஓடுறது காத்தாடி வச்ச ஏரிஆர் 72, அது மேல போய் முழு வேகம் பிடிச்சாலே 500 கிலோமீற்றர் அளவுதான், அதிலயும் ஏறுற நேரம் இறங்கிற நேரம் எல்லாம் மெதுவா, பிறகு சென்னை மாதிரி நெருக்கமான எயார்போட்ல இறங்கிறதுக்கு வரிசையில நிண்டு சுத்த வேணும், இறங்கியும் நிக்கிற இடத்துக்கு உருண்டு போகோணும். கம்பனிக்காரர் ரிக்கற்றில போடுற நேரம், வெளிக்கிட அசையத் துவங்கினதில இருந்து அங்க போய் நிக்கிற வரைக்கும். அது ஒண்டேகால் மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும். இந்தியாவுக்கும் எங்களுக்கும் இப்ப ஒரே நேரந்தான், 2006க்கு முதல் கொஞ்சக் காலம் மாதிரி அரை மணித்தியாலம் கூட்டிக் குறைக்கத் தேவையில்ல, ரிக்கற்றப் பாத்து நேர கழிச்சாலே காணும்.

இன்னொண்டு பாருங்கோ, கட்டுநாயக்காவில இருந்து சென்னை 645 கிலோமீற்றர் அளவு. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தூரம், ஆனா அது ஜெற் எண்டபடியா ரிக்கற்றில போடுற நேரம் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. உத மட்டும் வச்சு "கொழும்பால போறதும் ஒண்டுதானே" எண்டு சொல்லுற ஏஜென்சிக்காரரும் இருக்கினம். இரவிரவா பஸ்ல தெற்கால போய், பிறகு எங்கட தலைக்கு மேலால திரும்ப வடக்க பறக்கிறது எப்பிடி ஒண்டாகும்?

பலாலி ஒண்டும் புதுசில்ல, 1947 டிசம்பரில எயார் சிலோன்ர முதல் பிளைட்டே இரத்மலானையில இருந்து யாழ்ப்பாணத்தில இறங்கித்தான் மெட்ராஸ் போனது. 2019இல திரும்பத் திறந்து, கொரோனாவில நிண்டு, 2022 டிசம்பரில பிறகும் துவங்கினது. 2025இல திருச்சிக்கும் விட்டிச்சினம், அது நேர்கோட்டில 185 கிலோமீற்றர்தான், அதுக்கும் ஒரு மணித்தியாலம் மட்டில போடுறாங்கள், கிட்டத்தட்ட பாதித் தூரத்துக்கு நேரம் பாதியாகேல்ல பாத்தீங்களோ.

அடுத்த முறை போடேக்க கம்பனி ரைம்ரேபிள்ல உள்ள வெளிக்கிடுற நேரத்தையும் போய்ச் சேருற நேரத்தையும் போடுங்கோ. பக்கத்தில காங்கேசன்துறை நாகபட்டினம் கப்பல் நேரத்தையும் போட்டா நல்லம், சாமான் கூட உள்ள சனம் அதத்தான் தேடுது.

இப்படிக்கு,
சுன்னாகம் வாசகர் ஒருவர்