கருக்கலைப்புக்குப் பிறகு: மகனுக்கு ஒரு கடிதம்

காவேரிப்பட்டணம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். சென்ற ஞாயிறு தொலைபேசியில், "அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று தோன்றுகிறது அம்மா" என்று நீ சொன்னபோது, பக்கத்தில் அப்பாவும் அத்தையும் இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மகனிடம் தாய் பேசக்கூடாத பேச்சு இது என்று நம் வீட்டில் சிலர் நினைக்கலாம். ஆனால் கிருஷ்ணகிரி 2004-இல் தனி மாவட்டமாவதற்கு முன்பிருந்தே, பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கத்து ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போய் இதைப் பேசியவள் நான். சொந்த மகனிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உனக்கு எழுதப் போவதை உன் மனைவியிடமும் சொல்லிவிட்டேன்.

அவள் என்னிடம் மனம்விட்டுச் சொன்னவற்றை இங்கே எழுதமாட்டேன். அவற்றை நீயே அவளிடம் கேட்டுக்கொள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பொங்கலுக்கு வந்திருந்தபோது, எப்போதும் சுவரோரம் படுக்கும் குழந்தையை அவள் ஒவ்வோர் இரவும் உங்கள் இருவருக்கும் நடுவில் கிடத்தினாள். காலையில், மாங்காய் மண்டிக்காரர் கொடுத்த மாத நாட்காட்டியின் முன் நின்று விரல்விட்டுத் தேதிகளை எண்ணி, ஒரு கட்டத்தின் மூலையில் பென்சிலால் சிறு புள்ளி வைத்தாள். மறுபடியும் கரு தங்கிவிடுமோ என்று பயப்படுகிற பெண் அப்படித்தான் நாள் எண்ணுவாள். அவள் உன்னிடமிருந்து விலகிப் படுப்பதற்கு வெறுப்பு காரணமில்லை என்று நான் உறுதியாக நினைப்பது அதனால்தான்.

அந்தப் பயம் வீணானதும் அல்ல. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் கரு தங்காது என்று நீங்கள் நம்பினீர்கள். பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு மாதம், தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. உங்கள் குழந்தையோ எட்டு மாதமாகி, கேழ்வரகுக் கூழ் குடிக்கத் தொடங்கியிருந்தது. கலைப்புக்குப் பிறகும், அடுத்த மாதவிலக்கு வருவதற்கு முன்பே, இரண்டு மூன்று வாரங்களுக்குள் கருமுட்டை வெளிப்படலாம். ஆகவே "இரத்தம் நின்றுவிட்டது, இனி என்ன தயக்கம்" என்று நீ நினைத்திருந்தால், அவளுக்குத் தயக்கம் தொடங்கியதே அங்கேதான்.

கருவைக் கலைப்பதென்று, ஏழாவது வாரத்தில் மருத்துவரிடம் போய் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ ஆயிரம் பெண்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து விசாரித்த ஆய்வில், கருவைக் கலைத்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அது தங்களுக்குச் சரியான முடிவுதான் என்றே சொன்னார்கள். முடிவு சரியாக இருந்தும் துக்கம் வரலாம். இரண்டும் ஒரே மனத்தில் இருக்கும். மாத்திரையை விழுங்கி வலியையும் உதிரப்போக்கையும் தாங்கியவள் அவள் ஒருத்தி. அதற்குப் பிறகு அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை என்று நீயே சொன்னாய். எனக்குக் கவலை தருவது அதுதான். நீ பேசாதிருப்பதை, உனக்கு அதில் வருத்தமே இல்லை என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கலாம். உனக்கும் மனம் கனத்திருந்தால் அதை அவளிடம் சொல். ஆண்பிள்ளை சொல்லக்கூடாது என்று எதுவும் இல்லை.

அவள் வேறு யாரிடம் சொல்லுவாள் என்றும் யோசித்துப் பார். கருவில் பெண் என்று தெரிந்தால் கலைத்துவிடுகிற கொடுமையால் நம் பக்கத்து மாவட்டங்கள் பெயர் கெட்டுப்போனவை. அதைத் தடுக்கவே 1994-இல் தனிச் சட்டம் வந்தது. அதனால் கலைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே ஊரில் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஏழு வாரத்தில் எந்த ஸ்கேனிலும் ஆணா பெண்ணா என்று தெரியாது என்பதையோ, 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு அனுமதி தருகிறது என்பதையோ திண்ணையில் உட்கார்ந்து யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அவள் தன் சொந்தத் தாயிடம்கூட வாய் திறக்கவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு கிராமத்தில், கலைப்பு செய்துகொண்ட ஒரு பெண் இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு அடிக்கடி வருவாள். கணவன் வெளியே வண்டியின் மீது சாய்ந்துகொண்டு உள்ளே வராமல் நிற்பான். இரவில் அவன் பக்கத்தில் வராமலிருக்க அவளுக்கு ஒரு வலி தேவைப்பட்டது என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. மூன்று பிள்ளைகள் இருந்ததால், எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகு அவனே தழும்பில்லாத குடும்பநல அறுவை செய்துகொண்டான். அது பலன் தர மூன்று மாதமாகும் என்று சொல்லி, அதுவரை ஆணுறையும் கொடுத்து அனுப்பினேன். பிறகு அவள் இடுப்பு வலி என்று வரவில்லை.

நீங்கள் இன்னொரு பிள்ளை வேண்டும் என்று நினைப்பதால் உனக்கு அந்த வழி பொருந்தாது. இப்போதைக்கு ஆணுறையை நீயே வாங்கி, நீயே பொறுப்பெடுத்துப் பயன்படுத்து. அவளை நினைவூட்ட வைக்காதே. காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை ஆகிய கருத்தடை முறைகள் எல்லாம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. எது வேண்டும், எதுவுமே வேண்டாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு அவள்தான் தீர்மானிக்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் பெண்ணுறுப்பு வறண்டு, உறவின்போது வலிப்பதும் உண்டு. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளும்படி அவளை விட்டுவிடாதே. அதற்கும் மருத்துவம் இருக்கிறது. அதுவரை பக்கத்தில் உட்கார், தலையைக் கோதிவிடு, அதோடு எழுந்து போ. நீ தொட்டால் அது தொடுவதோடு நிற்கும் என்று அவளுக்கு உறுதிப்பட வேண்டும். எவ்வளவு நாளாகும் என்று கணக்குப் பார்க்காதே. தூக்கமில்லாமலும் அழுகையாகவும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரு பேருந்தில் வருகிறேன். சனிக்கிழமை குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்; நீ அவளை மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போ. நீயும் உள்ளே வரட்டுமா என்று அவளிடம் கேள். சரி என்றால் வெளியே நிற்காமல் கூடப் போய் உட்கார்.

அன்புடன்,
அம்மா